மூன்று தவணை

அன்புள்ள ஐயா,

மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறேன். தொற்றுநோய்த் துறைக்குப் போக ஆசை, வீட்டில் அதில் வருமானம் இல்லை என்கிறார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் ஜேக்கப் ஜான் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆனால் போலியோ சொட்டு மருந்து விஷயத்தில் அவர் செய்ததைப் போல ஒரு தடுப்பு மருந்தின் குறையைப் பொதுவில் போட்டு உடைத்தால், படிக்காத மக்கள் பயந்து மருந்தே போடாமல் விட்டுவிட மாட்டார்களா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள தம்பி,

வருமானத்தைப் பற்றி உங்கள் பேராசிரியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் 'படிக்காத மக்கள்' என்ற சொல்லுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் பழைய தெருவில் எதிர்வீட்டு அக்கா இறந்துபோனார். எண்பதுகளின் நடுவில் அவருடைய மகனுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள் வலது கால் துவண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் அக்கா அட்டையை நீட்டினார். சொட்டு மருந்து மூன்று தவணையும் போட்டதற்குத் தேதி, கையெழுத்து எல்லாம் அதில் இருந்தது. கையில்கூட வாங்காமல் அந்த டாக்டர் கேட்டாராம்: "ஒழுங்கா போட்டிருந்தா எப்படிம்மா வரும்?" கூடப் போயிருந்த என் அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் நடுங்கும். அக்கா சாகிறவரை, மூணாவது தடவை பிள்ளை துப்பிட்டானோ, நான்தான் கவனிக்கலையோ என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

வேலூரில் ஜேக்கப் ஜான் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து, நம் குழந்தைகளில் பலருக்கு மூன்று தவணை போட்டும் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை என்று எழுதியது 1972-ல். அக்கா மகன் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்னால்! எதைப் போட்டு உடைத்தார் என்கிறீர்கள்? சோதித்துப் பார்த்ததைச் சொன்னார். சொட்டு மருந்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தவணையைக் கூட்டுங்கள், ஐந்து போடுங்கள் என்றார், ஊசி மருந்தையும் கொண்டுவாருங்கள் என்றார், வெகு அரிதாகச் சொட்டு மருந்தாலேயே வாதம் வரும் என்பதையும் மறைக்காமல் பேசினார். அந்த ஊசி தேசியத் திட்டத்துக்குள் வந்தது 2015 நவம்பரில். இயற்கையான போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசிக் குழந்தை ஹவுராவில் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டு, கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்து.

சரி, மக்கள் பயந்து ஓடுவார்கள் என்கிறீர்களே, 1995-லிருந்து பல்ஸ் போலியோ நாட்களில் நம் ஊர் சத்துணவுக் கூடங்களில் இடுப்பில் பிள்ளையோடு வரிசையில் நின்றது யார்? மூன்று போதாது, மறுபடி வா, அடுத்த வருடமும் வா என்று சொன்னபோது வந்தவர்கள் இந்த 'படிக்காத' அம்மாக்கள்தானே? அவர்களிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்ய நீங்கள் யார்? டாக்டராவதற்கு முன்பே இந்த எண்ணம் வந்திருப்பதுதான் எனக்கு வருத்தம். நல்ல பிள்ளை நீங்கள், கடிதத்திலேயே தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு கோபம்.

காரியத்தன்று அக்கா மகன் ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து அந்த அட்டையை எடுத்துக் காட்டினான். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. வேலூர் ஆராய்ச்சியைப் பற்றி அப்போதுதான் அவனிடம் சொன்னேன். நான் அதைப் படித்தே பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

"அம்மா இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கலாமே மாமா" என்றான்.