24 மணி நேரத்தில் 1,000 மைல் பைக் ஓட்ட எப்படித் தயாராவது?

அமெரிக்காவின் நெடுந்தூர பைக் ஓட்டிகள் சங்கமான அயர்ன் பட் அசோசியேஷன் சான்றிதழ் தரும் சேடில்சோர் 1000 சவாலைத்தானே கேட்கிறீர்கள்? 1,000 மைல் என்றால் சுமார் 1,609 கி.மீ. நிற்காமலே ஓட்டினால் சராசரி 67 கி.மீ. வேகம் போதும்; நான்கு மணி நேரம் நின்றால் 80 ஆகிவிடும். அதனால் முறுக்கி ஓட்டுவதைவிட பங்க்கில் நிற்பதைக் குறைப்பதுதான் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றி, பர்ஸைத் தேடி, ஒரு டீயும் குடித்தால் அரை மணி போச்சு!

சான்றிதழ் வாங்க பெட்ரோல் பில்தான் சாட்சி. தேதி, நேரம், ஊர் சரியாக இருக்கிறதா பார்த்து, ஓடோமீட்டர் எண்ணையும் குறித்து, உடனே படம் எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

அப்புறம், சொல்லக் கூச்சமான விஷயம்: சாதா ஜட்டியின் தையல் பாதி தூரத்திலேயே அறுக்கத் தொடங்கும். தையல் உறுத்தாத சைக்கிள் ஷார்ட்ஸ் போடுங்கள், அதையும் முன்பே 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். கண் சொருகினால் காபியை நம்பாமல் வண்டியை ஓரங்கட்டித் தூங்குங்கள்.