மகனின் நீட் மார்க் எனக்கு விக்கிரகமாகிவிட்டதா?

கேள்வி: என் மகன் இரண்டு முறை நீட் எழுதியும் சீட் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோச்சிங் டெஸ்ட் இருந்ததால் ஒரு வருடமாக அவனை ஆராதனைக்கு அனுப்பவில்லை. ரிசல்ட் வந்ததிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை, ஆண்டவர்மேல் கோபமாக இருக்கிறது. போன வாரம் ஆயர் 'இக்கால விக்கிரகங்கள்' என்று பிரசங்கித்தது மனதைக் குத்திவிட்டது. பிள்ளையின் படிப்பு எப்படி விக்கிரகமாகும்? ஆகியிருந்தால் எப்படி வெளியே வருவது? மூன்றாவது முறை எழுத வைக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கோபத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குவோம்.

சீட் கிடைக்காத வருத்தம் எந்தத் தாய்க்கும் வரும். அதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் சீட் கிடைக்காததால் ஆண்டவரே வேண்டாம் என்று தோன்றுகிறதா? அப்படியானால் இத்தனை நாள் நாம் தேடியது சீட்டை. ஆண்டவரை அதற்குச் சிபாரிசாகத்தான் வைத்திருந்தோம். என் மகள் பிளஸ் டூ எழுதிய வருடம் ரிசல்ட் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த இருபது நிமிடமும் கைப்பேசியைப் பிடித்தபடி நான் முணுமுணுத்ததெல்லாம் பேரம். அதை ஜெபம் என்று சொல்ல இன்றும் எனக்கு வெட்கம்.

விக்கிரகம் என்றாலே கல்லும் மரமும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. எசேக்கியேல் 14-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியின் முன் வந்து உட்கார்ந்த மூப்பர்களின் கையில் சிலை எதுவும் இல்லை. அவர்கள் அதை இருதயத்தில் நாட்டியிருந்தார்கள். பவுலும் கொலோசெயர் 3:5-ல் பொருளாசையையே விக்கிரகாராதனை என்கிறார். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1529-ல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் பத்துக் கற்பனைகளில் முதலாவதை விளக்கும்போது, உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு நம்பியிருக்கிறதோ அதுவே உன் தெய்வம் என்ற கருத்தைச் சொல்கிறார்.

நல்ல காரியமும் இப்படி மாறும். வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பம் தேவன் செய்யச் சொன்னதுதான். பின்னாளில் ஜனங்கள் அதற்கே தூபங்காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). மருத்துவப் படிப்பும் நல்லதே. அதற்கு உங்கள் வீட்டில் எதைப் பலியிட்டீர்கள் என்று பாருங்கள். ஓய்வுநாள் போயிற்று. மகனின் தூக்கம் போயிருக்கும். மேசையில் அவனோடு பேசிய கடைசிப் பத்துப் பேச்சில் மார்க் வராத பேச்சு எத்தனை? உங்கள் கடிதம் முழுவதும் உங்கள் கோபமும் உங்கள் வேதனையும் இருக்கின்றன. அவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. குற்றம் சாட்டவில்லை, சகோதரி. விக்கிரகம் நம் கண்ணை எங்கே கட்டுகிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

இன்னொன்று. பரீட்சைக் காலத்தில் ஹால் டிக்கெட்டை வேதாகமத்துக்குள் வைத்து, 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்ற வாக்குத்தத்தத்தைச் சொல்லி ஜெபிக்காத வீடு நம்மில் குறைவு. உபாகமம் 28:13-ஐ எடுத்து முழுவதும் வாசியுங்கள். அது ஒரு பிள்ளையின் ரேங்கைப் பற்றியது அல்ல. இஸ்ரவேல் ஜாதிக்கு உடன்படிக்கையில் சொல்லப்பட்ட வார்த்தை. அடுத்த வசனமே வேறே தேவர்களைப் பின்பற்றக் கூடாது என்று எச்சரிக்கிறது. வாக்குத்தத்த அட்டையில் அந்தப் பகுதியை யாரும் அச்சிடுவதில்லை. அதனால் 720-க்கு எத்தனை என்பதே ஆசீர்வாதத்தின் அளவுகோலாகி, மார்க் குறைந்த பிள்ளை தன்னைச் சபிக்கப்பட்டவன் என்று நினைத்துக்கொள்கிறான். எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது.

இனி என்ன செய்யலாம்? முதலில் மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். 'உன் மார்க்கை உன்னைவிடப் பெரிதாக நினைத்துவிட்டேன்' என்ற ஒரே வாக்கியம் போதும். 'இருந்தாலும் நீ இன்னும் கொஞ்சம் படித்திருந்தால்' என்று அதோடு ஒட்டவேண்டாம். அவன் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், வாழ்வதில் அர்த்தமில்லை என்பதுபோல் பேசினால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். உடனே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். தமிழ்நாட்டில் 104-க்கும், இந்தியாவில் எங்கிருந்தும் 14416-க்கும் அழைத்து மனநல ஆலோசனை கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையைத் திரும்ப எடுங்கள். ஒரு டெஸ்ட் போனால் போகட்டும். ஜெபம் வரவில்லை என்றால் சங்கீதம் 13-ஐச் சத்தமாக வாசியுங்கள். 'எதுவரைக்கும்' என்று தாவீது ஆண்டவரிடமே கேட்கிறார், உங்கள் கோபத்துக்கும் அங்கே இடம் உண்டு. ஒரு மாதத்துக்கு மகனுக்காக ஜெபிக்கும்போது சீட், ரேங்க் என்ற வார்த்தைகளை விட்டுவிட்டு அவன் பெயரையும் அவன் பயத்தையும் மட்டும் சொல்லிப் பாருங்கள். ஆரம்பத்தில் பேச எதுவும் இல்லாததுபோல் இருக்கும்.

சாமுவேலின் தாய் அன்னாள், அழுது பெற்ற பிள்ளையைக் கர்த்தருக்கென்று விட்டுக்கொடுத்தாள். அதற்காக அவனை மறந்துவிடவில்லை. வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள் (1 சாமுவேல் 2:19). பிடியைத் தளர்த்தியபின்பும் அவன் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று அவளுடைய கை கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது முறையைப் பற்றிக் கேட்டீர்கள். அதை நான் சொல்லக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. புத்தகம் எதுவும் மேசையில் இல்லாத ஒரு மாலையில் அவனிடம் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால், அதற்குப் பிறகும் நீங்கள் இரவுச் சாப்பாட்டை எப்போதும்போலப் பரிமாறுகிறீர்களா என்று அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.