பீஸ் கட்டை ஆளைக் காப்பாற்றுமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் கொத்தனார். போன வாரம் தளம் போடும்போது, கலவையை அதிர வைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் மெஷினைத் தொட்டதும் கையில் சுர்ரென்று இழுத்திருக்கிறது. மேஸ்திரியிடம் சொன்னதற்கு, “பீஸ் கட்டை இருக்கு, செருப்பைப் போட்டுக்கிட்டு வேலையைப் பாரும்” என்றாராம். அது சரியா அண்ணாச்சி?
— கொத்தனார் ஒருவரின் மனைவி, சேரன்மகாதேவி

பதில்: சரியே இல்லை தங்கச்சி. சுர்ரென்றால் அந்த மெஷினை அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

பீஸ் கட்டை இருப்பது வயர் எரியாமல் காக்க. 5 ஆம்பியர் பீஸ் என்றால் அதற்கு மேல் ஏறினால்தான் உருகும். 5 ஆம்பியர் என்பது 5000 மில்லியாம்பியர். மனுஷனுக்கோ 10 மில்லியாம்பியர் பக்கம் போனாலே விரல் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 50ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். பீஸ் அப்போதும் அப்படியே இருக்கும்.

30 வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு வீடு, ஐப்பசி மழை விட்ட மறுநாள் தளம் போட்டார்கள். நான் பதித்த பைப் நசுங்காமல் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். வைப்ரேட்டர் வயரில் பிளக் டாப் இல்லை. இரண்டு முனையைச் சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார்கள். எர்த்துக்கான பச்சை வயரை வெட்டி மடக்கி விட்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஜாயின்ட், டேப் பிரிந்து, தண்ணீர் தேங்கிய இடத்தில் கிடந்தது. சித்தாள் அம்மா ஒருவர் தலையில் சட்டியோடு, வெறுங்காலில் அதைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். “கலவை இறுகிப்போகும்” என்று சண்டைக்கு வந்தார்கள். அரை மணி நேரத்தில் புது வயர் இழுத்து, மூணு பின் போட்டு, எர்த் கொடுத்தேன். அந்த அம்மாவின் ஈரக்கால் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

செருப்பையும் நம்ப வேண்டாம். நனைந்து, ஆணி ஏறிய செருப்பு எதைத் தடுக்கும்? நல்ல செருப்பே போட்டிருந்தாலும் ஒரு கையில் வைப்ரேட்டர், மறு கை முறுக்குக் கம்பியில் என்றால் கரண்ட் நெஞ்சு வழியாகவே பாயும்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்க வேண்டியது 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (RCCB) என்கிற சுவிட்ச். கரண்ட் வயரை விட்டு ஆள் வழியாகவோ தரை வழியாகவோ அந்த அளவுக்குக் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பை அறுத்துவிடும். கடையில் வெறுமனே ‘ட்ரிப் சுவிட்ச்’ என்று கேட்டால் எம்சிபியை எடுத்துக் கொடுத்துவிடலாம். அது பீஸ் கட்டை செய்கிற வேலையைத்தான் செய்யும். 30 mA (மில்லியாம்பியர்) என்று அச்சிட்டு, டெஸ்ட் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். காலையில் வேலை தொடங்கும்போது அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே விழாவிட்டால் மாற்ற வேண்டும். விலை ஒரு கொத்தனாரின் இரண்டு மூன்று நாள் கூலிதான் வரும், அதையும் ஒவ்வொரு சைட்டுக்கும் கழற்றிக் கொண்டுபோகலாம். அது இருக்கிறது என்பதற்காக எர்த்தை விட்டுவிடக் கூடாது.

அப்புறம், யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் பதறிப்போய்த் தொட வேண்டாம். மெயினை இறக்கு, 108ஐக் கூப்பிடு. மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதை வேலைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாடி எடுக்கிறோம். வீட்டை ஒட்டி 11 கேவி (11,000 வோல்ட்) லைன் போகிறது. கைக்கு எட்டாத தூரம்தான். வேலையைத் தொடங்கலாமா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: கையை வைத்து அளக்காதீர்கள் தம்பி. கட்டடத்துக்கும் அந்த லைனுக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். கட்டும்போது அதுவும் போதாது. முறுக்குக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. தூக்குகிறவர் சற்றுத் திரும்பினால் முனை லைனில் போய் நிற்கும். அங்கே ஆர்சிசிபி உதவாது. கம்பியைக் கீழேயே வெட்டி, வளைத்து, லைன் இல்லாத பக்கமாக ஏற்றுங்கள். லைனை மாற்றித் தரவோ வேலை நேரத்தில் நிறுத்தித் தரவோ மின்வாரிய அலுவலகத்தில் இப்போதே எழுதிக் கொடுங்கள். தளம் போடும் நாளோடு சாரம் கட்டும் நாளையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.