ஒரு மஃப்ளர் மட்டும் பின்னத் தெரிந்தவர் அடுத்து நேராக கார்டிகன் (முன்னால் பட்டன் வைத்த ஸ்வெட்டர்) பின்னலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பின்னலாம். நிட் (நேர்க் கண்ணி), பர்ல் (எதிர்க் கண்ணி) இரண்டும் தடுமாறாமல் வந்தால் போதும். புதிதாகக் கற்க வேண்டியவை கண்ணி கூட்டுவது, குறைப்பது, பின்னிய ஓரத்திலிருந்து புதுக் கண்ணி எடுப்பது ஆகிய மூன்றுதான். முதல் கார்டிகனைக் கெடுப்பது பெரும்பாலும் அளவு. மஃப்ளர் நாலு விரல் அகலம் கூடிப்போனால் யாரும் கேட்கமாட்டார்கள். கார்டிகனில் அதே பிசகு வந்தால் பட்டன் எட்டாது, இல்லையென்றால் தோளிலிருந்து நழுவும்.

கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் ராக்லன் பேட்டர்னாகப் பாருங்கள், அதாவது கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்கோட்டில் கை சேரும் வகை. தனித்தனித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் வேலை அதில் கிடையாது. பாதியில் போட்டுப் பார்த்து நீளத்தையும் முடிவு செய்துகொள்ளலாம்.

நூல்: நடுத்தரத் தடிமனுள்ள வொர்ஸ்டட் கம்பளி நூல், வெளிர் நிறத்தில். கறுப்பு, கருநீலத்தில் கண்ணியே தெரியாது. மொஹேர் (நீண்ட ஆட்டுமயிர் நூல்) வேண்டாம், அதன் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் பிரித்துப் பின்னுவது பெரும்பாடு. பருத்தியும் முதல் முறைக்கு வேண்டாம், கனத்தில் கீழே தொங்கிப்போகும். நடுத்தர உடம்புக்கு 1,000 முதல் 1,200 மீட்டர் வரை ஆகும். பந்துகள் எல்லாவற்றிலும் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்டதைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். 4.5 அல்லது 5 மி.மீ. வட்ட ஊசி (ஒயரால் இணைந்த இரண்டு ஊசி முனைகள்), 80 செ.மீ. ஒயரோடு வாங்குங்கள். உடல் பகுதியை வட்டமாகச் சுற்றப்போவதில்லை, முன்னும் பின்னும் திரும்பித்தான் பின்னுவீர்கள். ஆனால் இத்தனை கண்ணியின் பாரமும் மடியில் இறங்க அந்த ஒயர் வேண்டும்.

இனி எல்லோரும் தாண்டிப்போகும் வேலை, மாதிரித் துண்டு. 15 செ.மீ. சதுரமாகப் பின்னி, நனைத்து, காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். ஓரக் கண்ணிகள் இழுபடும் என்பதால் அவற்றைச் சேர்க்கக் கூடாது. நனைக்காமல் அளந்தால் பயனில்லை. சூப்பர்வாஷ் கம்பளி (மெஷினில் துவைக்கப் பதப்படுத்தியது) தண்ணீர் பட்டதும் நன்றாகவே நீளும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? கணக்கைப் பாருங்கள். பேட்டர்ன் 10 செ.மீ.க்கு 18 கண்ணி கேட்கிறது, மார்புச் சுற்றுக்கு 180 கண்ணி, ஆக 100 செ.மீ. உங்கள் கையில் 20 கண்ணி விழுந்தால் அதே 180 கண்ணி 90 செ.மீ.தான் வரும். பத்துக்கு இரண்டு கண்ணி கூடியதற்கு 10 செ.மீ. போய்விட்டது. கண்ணி அதிகமாக வந்தால் ஊசியைப் பெரிதாக்குங்கள், குறைவாக வந்தால் சிறிதாக்குங்கள். கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்ய நினைக்காதீர்கள். பத்தாவது வரிசையில் கை தன் பழக்கத்துக்கே திரும்பிவிடும்.

ராக்லனில் நான்கு மார்க்கர்கள் (ஊசியில் மாட்டும் அடையாள வளையங்கள்) கார்டிகனை முன், கை, பின், கை, முன் என்று ஐந்து பகுதிகளாகப் பிரிக்கும். நல்ல பக்கத்து (வெளியே தெரியும் பக்கத்து) வரிசைகளில், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றில், ஒவ்வொரு மார்க்கருக்கும் இருபுறம் ஒரு கண்ணி கூட்ட வேண்டும், அதாவது வரிசைக்கு 8. 50 வரிசை முடியும்போது 200 கண்ணி கூடியிருக்கும். ஒவ்வொரு பர்ல் வரிசையிலும் மார்க்கர்களுக்கு நடுவே எண்ணிக்கொண்டே போங்கள், விட்டுப்போன கண்ணி அங்கேயே அகப்படும். கைகளைப் பிரிப்பதற்கு முன் ஒரு மெல்லிய வேறு நிற நூலைத் தையலூசியில் கோத்து, எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டிவிடுங்கள். பின்னால் தப்பு நேர்ந்து பிரித்தால் அவிழ்வது அந்த நூலோடு நின்றுவிடும்.

கார்டிகனின் கை மட்டும் வட்டமாகப் பின்னுவது. பலருக்கு பர்ல் கண்ணி நிட்டைவிடச் சற்றுத் தளர்வாக விழும். வட்டத்தில் பர்ல் வரிசையே கிடையாது, அதனால் கை உடலைவிட இறுக்கமாகிவிடும். அப்படி ஆனால் கைக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி. அக்குளில் ஓட்டை விழாமலிருக்க இருபுறமும் ஒவ்வொரு கண்ணி அதிகமாக எடுத்து, அடுத்த சுற்றில் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னுங்கள்.

அடுத்து பட்டன் பட்டி. ஓரத்தில் 4 வரிசைக்கு 3 கண்ணி எடுக்க வேண்டும், காரணம் கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது. ஒவ்வொரு வரிசைக்கும் எடுத்தால் பட்டி அலை அலையாக நெளியும், குறைத்தால் முன்பக்கம் மேலே சுருண்டு ஏறும். ஓரம் 60 செ.மீ., 10 செ.மீ.க்கு 24 வரிசை என்றால் மொத்தம் 144 வரிசை, 108 கண்ணி. முதலில் 10 செ.மீ.க்கு ஒரு குண்டூசி குத்திவிட்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் 18 எடுத்தால் பிசகாது. அரை மி.மீ. சிறிய ஊசியில், எல்லா வரிசையும் நிட்டாகவே போடுங்கள், சுருளாது.

ஓட்டை போடும் பட்டியை முதலில் செய்து கண்ணி எண்ணிக்கை சரிதானா என்று பாருங்கள் என்று சில இடங்களில் சொல்வார்கள். எனக்கென்னவோ பட்டன் தைக்கும் பட்டியையே முதலில் முடித்து, அதன்மேல் இடங்களைக் குறித்துக்கொண்டு ஓட்டைப் பட்டிக்கு வருவதுதான் சரி. 108 கண்ணியில் 7 ஓட்டைக்கு: இரு முனையிலும் 5, ஓட்டைக்கு 2, நடுவே 14. நூலை ஊசிமேல் ஒருமுறை சுற்றி, அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னினால் ஓட்டை தயார். பட்டனை ஓட்டை விழுந்த பிறகு வாங்குங்கள். பின்னலில் ஓட்டை இழுபடும், அதனால் சற்று இறுக்கமாக நுழையும் பட்டனே நிற்கும்.

முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுங்கள். தட்டையாகப் பரப்பி, முன்பக்கங்கள் இரண்டும் ஒரே நீளமா என்று டேப்பில் பார்த்துச் சரிசெய்யுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்தில் தோள் இழுத்துவிடும். காய்ந்த பிறகு பட்டன் தையுங்கள், பட்டியின் பின்பக்கம் ஒரு சின்னத் தட்டைப் பட்டனையும் சேர்த்து. அப்போதுதான் இழுபடும் நூல் பின்னலை அறுக்காது.