ஆம்புலன்சில் அட்ரினலின்: ஓய்வு பெற்ற எம்.ஏ. பதில் சொல்கிறார்

பினாங்கில் எம்.ஏ.வாக, அதாவது மருத்துவ உதவியாளராக, ஆம்புலன்சிலும் அவசரப் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடும் ஒவ்வாமைக்கான (அலர்ஜி) அவசர மருந்தான அட்ரினலின் எல்லா ஆம்புலன்சிலும் கட்டாயம் இருக்கச் சட்டம் வேண்டும் என்று மனு எழுதுகிறார்கள்; அதைப் பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

செபராங் ஜெயா அக்கா: ஆம்புலன்ஸ் என்றாலே மருந்து இருக்குமே அண்ணே, தனிச் சட்டம் எதற்கு?

வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே சைரன்தான் அக்கா, உள்ளே அப்படியில்லை. ஆஸ்பத்திரி வண்டியில் எம்.ஏ. வருவார், ஊசி போடத் தெரிந்தவர். செயின்ட் ஜான், செம்பிறைச் சங்கம் போன்ற தொண்டர் அமைப்புகளுக்கும் வண்டிகள் உண்டு. நோயாளியை இடம் மாற்றுவதற்கென்றே ஓடும் தனியார் வண்டிகளும் உண்டு. யார் வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் இருந்தது. பல மாநிலங்களில் அடிப்படைப் பயிற்சி மட்டும் பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர் அட்ரினலின் போட அனுமதியில்லாமல் இருந்தது. சில இடங்களில் நோயாளி தன் ஊசியைக் கையோடு வைத்திருந்தால் அதைப் போட உதவ முடிந்தது, அவ்வளவுதான். விதிகளை மாநிலம் மாநிலமாகத்தான் மாற்றினார்கள். அதனால் மருந்தை வண்டியில் வை என்று மட்டும் சட்டம் எழுதினால் பாதி வேலைதான். அதைப் போடும் உரிமையும் பயிற்சியும் வண்டியில் வருபவருக்கு வேண்டும். இல்லையென்றால் பெட்டி பூட்டியே கிடக்கும்.

பட்டர்வொர்த் தம்பி: செலவு தாங்குமா?

எந்த வடிவில் வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொடையில் வைத்து அழுத்தினால் தானே இறங்கும் பேனா ஊசி விலை கூடியது. 2016-ல் அமெரிக்காவில் எப்பிபென் என்ற பேனா ஊசி இரண்டு கொண்ட பெட்டி 600 டாலரைத் தொட்டுப் பெரிய கொந்தளிப்பே நடந்தது. அதே மருந்து 1 மில்லி கண்ணாடிக் குப்பியில் மிக மலிவு. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் 2014-லேயே பேனாவை விட்டுவிட்டுக் குப்பியும் சிரிஞ்சும் அடங்கிய பையை ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குக் கொடுத்துப் பழக்கினார்கள். நமக்கும் அதுதான் சரிப்படும் என்பேன்.

ஆயர் ஈத்தாம் அம்மா: என் அப்பாவுக்கு இதய நோய். அட்ரினலின் ஆபத்தில்லையா?

கடும் ஒவ்வாமையில் ரத்த அழுத்தம் விழுந்து மூச்சு அடைக்கும்போது ஊசி போடாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து அம்மா. இதய நோய் இருக்கிறது என்று தயங்கக் கூடாது.

ஆபத்து வருவது அளவும் வழியும் மாறும்போது. இதயம் நின்றவருக்கு ரத்த நாளத்தில் 1 மில்லிகிராம் போகும். ஒவ்வாமைக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவருக்கு அதில் பாதி, 0.5 மில்லிகிராம். தேவைப்பட்டால் 5 நிமிடத்தில் மறுபடி போடலாம். இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தால் பதற்றத்தில் கை மாறும். அதனால் ஒவ்வாமைப் பை தனியாக, வேறு நிறத்தில், அளவு அட்டையோடு இருக்கட்டும். மனு எழுதுகிறவர்கள் இதை மறக்காமல் சேருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் தம்பி: பிரித்தோன் என்ற அலர்ஜி மாத்திரை போதாதா?

அரிப்புக்கும் தடிப்புக்கும் சரி. அடைத்த தொண்டையை அது திறக்காது.

பாலிக் பூலாவ் அண்ணன்: நம் வெயிலில் வண்டிக்குள் மருந்து கெடாதா?

நல்ல கேள்வி. 25 டிகிரிக்கு மேல் போகாமல், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். மதியம் பூட்டி நிறுத்திய வண்டி எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐஸில் உறைய விடவும் கூடாது. பைக்குள் வெப்பமானி ஒன்று, மாதாமாதம் தேதி பார்க்கப் பொறுப்பான ஆள் ஒருவர். மருந்து இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் தூக்கிப் போடுங்கள்.

பிறை அக்கா: பாலத்தில் நெரிசல், ஆம்புலன்ஸ் வரவில்லை. அதுவரை?

பேனா ஊசி கைவசம் இருந்தால் உடனே போடுங்கள், ஆம்புலன்சுக்காகக் காத்திருக்க வேண்டாம். 999-க்குப் பேசும்போது "அலர்ஜி" என்பதோடு நிறுத்தாமல் "மூச்சு விட முடியவில்லை, நாக்கு வீங்குகிறது" என்று சொல்லுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் கால் நீட்டி உட்காரலாம். எழுப்பி நடத்தாதீர்கள், அழுத்தம் சட்டென்று விழும். ஊசியில் சரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்ப வருவதுண்டு.

சுங்கை டுவா தம்பி: மூக்கில் அடிக்கும் மருந்து வந்துவிட்டதாமே?

ஆமாம், அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் நெஃபி என்ற ஸ்பிரேக்கு அனுமதி கொடுத்தார்கள். ஊசிக்குப் பயப்படுகிறவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் இங்குள்ள வண்டிகளுக்கு முதலில் குப்பியைக் கேட்போம் தம்பி.