முதல் குறும்படம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கையில் போன் கேமராதான் இருக்கிறது. கடன் வாங்கியாவது நல்ல கேமரா வாடகைக்கு எடுக்கலாமா? (வாசகர், திண்டுக்கல்)

கடன் வேண்டவே வேண்டாம். போன் போதும், கேமராவை ஆட்டோ மோடில் மட்டும் விடாதீர்கள். மேனுவல் வசதியுள்ள ஆப்பில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/50 விநாடி என்று வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) லாக் செய்துவிடுங்கள். உச்சி வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போடுங்கள், அல்லது காலை 9 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்கு மேலும் எடுங்கள். மிச்சப்படும் பணம் மைக்குக்குப் போகட்டும்.

எடிட்டில் பார்த்தால் வசனத்தைவிட ஃபேன் சத்தம்தான் கேட்கிறது. சாஃப்ட்வேரில் சரிசெய்ய முடியுமா? (வாசகி, நாகர்கோவில்)

ஓரளவுதான். இரைச்சலை அழுத்தி எடுத்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். இந்தப் படத்துக்கு டப்பிங்தான் வழி. இப்போது பதிவாகியிருக்கும் சத்தத்தைப் பைலட் டிராக்காக, அதாவது டப்பிங்குக்கு வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, நடிகர்களை ஒவ்வொரு வரியாகப் பேசச் சொல்லுங்கள். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் நின்று பேசினால் எதிரொலி வெகுவாகக் குறையும்.

அடுத்த படத்தில் இந்த வேலையை ஷூட்டிங்கிலேயே முடித்துவிடுங்கள். கம்பு நுனியில் கட்டிப் பிடிக்கும் பூம் மைக் வாயிலிருந்து ஒன்றரை, இரண்டு அடிக்குள், ஃபிரேமுக்குச் சற்று மேலே இருக்கட்டும். காலர் மைக் என்றால் துணி உரசாதபடி டேப் ஒட்டுங்கள். பட்டும் நைலானும் சரசரக்கும், பருத்தி சரசரக்காது. ரெக்கார்டரின் மீட்டரில் வசனம் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டிப் பதிவாகட்டும். ஒருவர் ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வேறு எந்த வேலையையும் அவரிடம் கொடுக்காதீர்கள். ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் அணையுங்கள். ஃபிரிட்ஜை மறுபடி போட மறந்தால் வீட்டுக்காரரின் பால் கெட்டுப்போகும், அடுத்த முறை அந்த வீடு கிடைக்காது. பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் மறக்கவே முடியாது! கடைசியாக, எல்லோரும் அசையாமல் நிற்க, அந்த அறையின் வெறும் சத்தத்தை 30 விநாடி பதிவுசெய்யுங்கள். இரண்டு வசனத் துண்டுகளுக்கு நடுவே விழும் ஓட்டையை எடிட்டர் அடைப்பது இதை வைத்துத்தான்.

பாதிப் படம் எடுத்தாகிவிட்டது. ஹீரோவாக நடித்த நண்பன் முடி வெட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். படத்தைக் கைவிட்டுவிடலாமா? (வாசகர், விருதுநகர்)

கைவிடாதீர்கள். முதலில் எடுத்தவரை வெட்டி ஒட்டிப் பாருங்கள். எது இல்லாமல் கதை புரியவில்லையோ, அதை மட்டும் பட்டியல் போடுங்கள். நீங்கள் பயப்படுவதைவிடச் சின்னப் பட்டியலாகத்தான் இருக்கும். கை, செருப்பு, கதவைத் திறக்கும் விரல் போன்ற இன்செர்ட்டுகளுக்கு (முகம் தெரியாத சின்ன குளோசப்புகள்) அதே சட்டை போட்ட வேறு ஆள் போதும். விடுபட்ட வசனத்தை நண்பன் போனில் பேசி அனுப்பட்டும், அந்தக் குரலை, எதிரே நின்று கேட்பவரின் முகம் தெரியும் ஷாட்டின் மேல் போடுங்கள்.

இப்படி நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் தப்புக் கணக்குதான். ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம். லைட், ஒத்திகை, இரண்டு மூன்று டேக் என்று ஒரு ஷாட்டுக்கு அரை மணி நேரம் போய்விடும். பத்து மணி நேரத்தில் 20 ஷாட், அதாவது மூன்று நான்கு பக்கம். 20 பக்கத்தை ஒரு சனி, ஞாயிறில் எடுக்கவே முடியாது. 6 பக்கம் எழுதுங்கள். ஒரு நடிகரின் காட்சிகளை இடைவெளி விடாமல் அடுத்தடுத்த நாட்களில் முடியுங்கள்.

உதவி இயக்குநராகச் சேர ஆறு மாதமாக அலைகிறேன். கதை சொன்னால் திருடிவிடுவார்களோ என்றும் பயம். (வாசகர், தஞ்சாவூர்)

ஷூட்டிங் தொடங்கிய கம்பெனியில் கேட்டுப் பயனில்லை. டீம் சேர்வது கதை விவாதத்தின்போதும் லொக்கேஷன் பார்க்கும்போதும்தான், அப்போது போங்கள். நீங்கள் முடித்த ஒரு குறும்படத்தின் லிங்க், வேகமான தமிழ் டைப்பிங், கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடை, பொருள் மாறாமல் இருப்பது) குறிக்கும் பழக்கம் மூன்றும் கதவைத் திறக்கும். ஆரம்பத்தில் பேட்டா கிடைத்தாலே பெரிது, அதனால் கல்யாண வீடியோ எடிட்டிங் மாதிரி ஒரு வருமானத்தை விடாதீர்கள். குறும்படமும் ஒரு வாசல்தான். கலைஞர் டிவியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி இருவரின் முதல் படங்கள் 2012, 2013இல் வெளிவந்தன.

கதை விஷயத்தில், கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுத்து வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே ஒன்லைனோடு (கதைச் சுருக்கம்) நிறுத்தாமல் காட்சிகளும் வசனமுமாக எழுதி முடித்து, பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவுசெய்யுங்கள். உரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கு என்று வந்தால் அது சாட்சி. யாருக்கு, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்பது மெயிலில் இருக்கட்டும்.