பருத் தழும்புப் பள்ளம்: பேக்கேஜ் கட்டும் முன்

கேள்வி: எனக்கு 26 வயது. பரு வந்து போனதில் இரண்டு கன்னத்திலும் பள்ளம் பள்ளமாகத் தழும்பு. ஊரில் புதிதாகத் திறந்த ஒரு ஸ்கின் கிளினிக்குக்குப் போனேன். ஆலோசகர் என்று ஒரு பெண் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆறு சிட்டிங் லேசர், கூடவே பிஆர்பி, மொத்தம் 54,000 ரூபாய், இன்றைக்கே கட்டினால் 39,000" என்கிறார். இன்னும் பத்து வாரத்தில் கல்யாணம். கட்டலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள். விலை நியாயமா என்பது அப்புறம். உங்கள் முகத்தைப் பார்த்தவர் டாக்டர் இல்லை. எந்த வகைப் பள்ளம் என்று யாரும் சொல்லும் முன்பே மிஷின் பெயர் வந்துவிட்டது. எழுந்து வர இந்த இரண்டு காரணமும் போதும்.

பருப் பள்ளங்களில் மூன்று வகை உண்டு. ஊசியால் குத்தியதுபோல் வாய் சிறுத்து ஆழமாக இறங்குவது ஐஸ் பிக். கொஞ்சம் அகலமாக, ஓரம் செங்குத்தாக வெட்டினாற்போல் இருப்பது பாக்ஸ்கார். ஓரமே தெரியாமல் கன்னம் மேடு பள்ளமாக அலையடிப்பது ரோலிங். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் காதுப் பக்கமிருந்து அடித்துக் கண்ணாடியில் பாருங்கள். இரண்டு விரலால் தோலை மெல்ல இழுங்கள். இழுத்ததும் பள்ளம் மறைந்தால் பெரும்பாலும் ரோலிங். இழுத்தும் புள்ளியாக நின்றால் ஐஸ் பிக். பலருக்கு ஒரே கன்னத்தில் மூன்றும் கலந்திருக்கும், அதனால் டாக்டர் பார்த்துச் சொல்வதே முடிவு.

வகை தெரிய வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ரோலிங் பள்ளத்தில் தோலுக்கு அடியில் நார் போன்ற இழைகள் மேல்தோலைக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். மேலே எத்தனை முறை லேசர் அடித்தாலும் அந்தப் பிடி விடாது. மரக்க ஊசி போட்டு, உள்ளே ஊசியையோ கேனுலா என்ற மழுங்கிய முனைக் குழலையோ செலுத்தி இழைகளை அறுத்துவிட வேண்டும். இதுதான் சப்சிஷன். ஒரு வாரம், பத்து நாள் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கும். ஐஸ் பிக்குக்கு டிசிஏ கிராஸ்: கடுமையான டிசிஏ அமிலத்தைப் பல் குத்தும் குச்சி நுனியில் தொட்டுப் பள்ளத்தின் அடியில் மட்டும் வைப்பார்கள். சில நொடியில் அந்த இடம் வெள்ளையாகும், பிறகு பக்கு கட்டி உதிரும். சில வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டும். ரொம்ப ஆழமான ஒன்றிரண்டு குழியை வெட்டி எடுத்துத் தையல் போடுவதும் உண்டு. ஆழம் குறைந்த பாக்ஸ்காருக்கும், முகம் முழுவதும் பரவிய லேசான பள்ளங்களுக்கும்தான் ஃப்ராக்‌ஷனல் லேசர் (புள்ளி புள்ளியாக அடிப்பது), மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்துவது), ஊசியோடு ரேடியோ அலை சேர்ந்த ஆர்எஃப் எல்லாம் நன்றாகப் பயன்படும்.

டிசிஏ கிராஸுக்கு வேண்டியது ஒரு சின்ன பாட்டில் அமிலமும் குச்சியும். சப்சிஷனுக்கு ஊசியும் கைப்பழக்கமும். லேசர் மிஷினோ பல லட்ச ரூபாய். போட்ட பணம் திரும்பி வர வேண்டுமே! பேனரில் எது பெரிதாக நிற்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிஆர்பி என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்துப் பூசுவது அல்லது ஊசியாகப் போடுவது. மைக்ரோநீட்லிங்குடன் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல் பலன் கிடைக்கலாம். பேக்கேஜில் எதையாவது குறைக்க வேண்டுமென்றால் நான் முதலில் குறைப்பது இதைத்தான்.

அடுத்தது நம் நிறம். மாநிறத் தோலில் சூடு அதிகமானால் பள்ளம் குறைவதற்கு முன் கரும்படை வந்து உட்காரும், போகப் பல மாதம் ஆகும். கார்பன் டை ஆக்சைடு லேசரில் இந்த அபாயம் அதிகம், மைக்ரோநீட்லிங்கில் குறைவு. "என்னைப் போன்ற நிறத்தில் செய்த படங்கள் இருக்கிறதா?" என்று கேளுங்கள். படத்தைக் காட்டினால் வெளிச்சத்தைக் கவனியுங்கள். 'முன்' படம் பக்கவாட்டு வெளிச்சத்திலும் 'பின்' படம் நேர் வெளிச்சத்திலும் எடுத்திருந்தால் பாதிப் பள்ளம் கேமராவிலேயே ஆறிவிட்டது என்று அர்த்தம்.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகிப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். சிட்டிங்குக்கு சிட்டிங் நான்கு முதல் ஆறு வார இடைவெளி வேறு. பத்து வாரத்தில் ஆறு சிட்டிங் என்பது கணக்கிலேயே உதைக்கிறது. இப்போது ஆரம்பித்தால் முகூர்த்தத்தன்று சிவப்போ கருமையோதான் மிஞ்சும். அதுவரை சன்ஸ்கிரீன், புதுப் பரு வராமல் மருந்து, போதும். புதுப் பரு வந்துகொண்டிருக்கும் முகத்தில் பள்ளத்தைச் சரிசெய்வது வீண் செலவு. ஒன்று முக்கியம்: பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கர்ப்பம் கூடவே கூடாது, குழந்தைக்குப் பெரிய பாதிப்பு வரும். நிறுத்தி எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ படித்த டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு உண்டு. எந்த வகை, எந்த வரிசையில் என்ன சிகிச்சை, செய்யப்போவது யார், மரக்கும் கிரீமும் வரியும் விலைக்குள் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். பணத்தை ஒவ்வொரு சிட்டிங்காகக் கட்டுங்கள். "தழும்பே இருக்காது" என்பவரைவிட, "ஓரளவு குறையும்" என்பவரை நம்பலாம்.

கேள்வி: ஆன்லைனில் டெர்மா ரோலர் (முகத்தில் உருட்டும் ஊசி பதித்த உருளை) சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறதே, வாங்கலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். பள்ளத்துக்குப் பலன் தரும் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும். அதை வீட்டில் செய்தால் ரத்தம் வரும், கிருமி போகும், சில நேரம் உருட்டிய கோடே தழும்பாக நின்றுவிடும். ஆழம் குறைந்த ரோலரோ பள்ளத்தைத் தொடவே தொடாது.

கேள்வி: பேக்கேஜ் பணம் முழுவதும் கட்டி, இரண்டு சிட்டிங்கில் முகம் கறுத்துவிட்டது. மீதியைக் கேட்டால் 'நோ ரீஃபண்ட்' என்று ரசீதில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.
- வாசகி, திருச்சி

பதில்: அந்த வரி இருப்பதாலேயே உங்கள் உரிமை போய்விடாது. காசு வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. முதலில் வேறொரு தோல் டாக்டரிடம் காட்டிக் குறிப்பு வாங்குங்கள், தேதியோடு படம் எடுங்கள். கிளினிக்குக்கு எழுத்தில், ஸ்பீட் போஸ்டில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.